புத்தியும் இச்சையும்

கணித சாஸ்திரத்தின் சரித்திரத்தில், ஜெரோலாமோ கார்டானோ என்னும் இத்தாலியரின் வாழ்க்கையைப் போல நகைப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே விளைவிப்பது பிறிதொன்று இருத்தல் அரிது. 1501-இல் பாவியா நகரில் பிறந்து, மருத்துவத்தில் ஐரோப்பா எங்கும் கீர்த்தி பெற்று, முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையை 1545-இல் வெளியிட்ட பெருநூலால் உலகறியச் செய்த அம்மனிதர், பகடை உருளும்போது எந்தத் தொகை எவ்வளவுக்கு ஒருமுறை விழும் என்பதையும் கணக்கிட்டு எழுதிவைத்தார். பாஸ்கலும் ஃபெர்மாவும் இத்துறையைப் பற்றி 1654-இல் கடிதம் எழுதிக்கொள்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே நிகழ்தகவு என்னும் இயலுக்கு இவ்வாறு வித்திட்டவர் அவர். சூதாட்டத்தில் ஆதாயம் எங்கே, நஷ்டம் எங்கே என்பதை எண்களால் அறிந்த முதல் மனிதர்களில் ஒருவராகிய அவரே, இருபத்தைந்து ஆண்டுகள் நாள் தவறாமல் பகடையாடியதை முதுமையில் எழுதிய சுயசரிதத்தில் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார். மனைவியின் நகைகளும் வீட்டுச் சாமான்களும் அடகுக்குப் போயின. கணக்குத் தெரிந்த கை, பகடையை மட்டும் கீழே வைக்கவில்லை.

தீயது இன்னதென்று அறிந்தவன் அதைச் செய்யான், செய்வானாயின் அவன் அதை உள்ளபடி அறியவில்லை என்றே கொள்ளவேண்டும் என்பது சாக்ரடீஸின் கொள்கை. கேட்பதற்கு உயர்வாயிருப்பினும் உலக நடைக்கு அது முரணாயிருப்பதை உணர்ந்த அரிஸ்டாட்டில், நல்லதை அறிந்தும் அல்லதைச் செய்யும் இயல்பை ஆராய்வதற்கென்றே தம் நீதிநூலின் ஏழாம் பகுதியில் பெரும்பாலானதை ஒதுக்கினார். நம் நாட்டு நூலாசிரியர்களோ இவ்விஷயத்தில் மயங்கவே இல்லை. வேட்டை, சூது, மகளிர், மது என்னும் நான்கையும் இச்சையால் விளையும் வியசனங்கள் என்று வகுத்துக் கௌடிலியர் எச்சரிப்பது மூடர்களை அன்று, அரசர்களை. கள்ளுண்ணாமையையும் சூதையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்துப் பேசுவது, நாடாளும் நெறியை விரித்துரைக்கும் பொருட்பாலில். சகுனியின் எதிரே அமர்ந்து நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பணயம் வைத்தவனும் பேதையல்லன். தருமத்தின் நுட்பங்களையெல்லாம் கற்றுணர்ந்த யுதிஷ்டிரன்.

புத்தி இருந்தும் அது ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு மன உறுதியின்மையே காரணம் என்று நீதி போதகர்கள் விடை கூறினார்கள். சென்ற நூற்றாண்டில் பரிசோதனைச் சாலைகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கும்போது, கேள்வியையே சற்று மாற்றி அமைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. புத்தி ஏன் தோற்றது என்று கேட்பதற்கு முன்னே, அப்போரில் அது எந்தப் பக்கத்தில் நின்றது என்று கேட்பதே முறை.

மனித மனத்தின் இருட்டறைகளைத் திறந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட சிக்மண்ட் ஃபிராய்டின் வாழ்க்கை இதற்குச் சிறந்த உதாரணமாகும். அவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது சுருட்டுகள் பிடித்தார். 1890-களின் நடுவில் இதயத் துடிப்பு தடுமாறி மார்பில் வலி கண்டபோது, நெருங்கிய நண்பரும் மருத்துவருமான வில்ஹெல்ம் ஃப்ளீஸ் புகையை அறவே விடும்படி வற்புறுத்தினார். ஃபிராய்டு சில வாரங்கள் விட்டார், பின்னர் மீண்டும் பற்றவைத்தார். புகையில்லாமல் எழுதவோ சிந்திக்கவோ இயலவில்லை என்பது அவர் கூறிய காரணம். 1923-இல் மேலண்ணத்தில் ஒரு கட்டி தோன்றிற்று. தாமே மருத்துவராயிருந்தும், அதைப் பிறருக்குக் காட்டினால் சுருட்டை விடச் சொல்வார்களே என்னும் அச்சத்தால் சில வாரங்களைக் கழித்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதினோர் கருதுகிறார்கள். அது புற்றுநோய். அண்ணத்தின் ஒரு பகுதியும் தாடை எலும்பின் ஒரு பகுதியும் அகற்றப்பட்டன. வாய்க்கும் மூக்குக்கும் இடையே விழுந்த திறப்பை அடைக்க ஒரு செயற்கை அண்ணம் பொருத்தப்பட்டது. அதை மாட்டுவதும் கழற்றுவதும் பேச்சும் உணவும் தினசரி வேதனையாயின. 1939 செப்டம்பர் 23-ஆம் நாள் லண்டனில் இறக்கும்வரை பதினாறு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட முறை அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டார். அந்த ஆண்டுகளிலும் சுருட்டு அவரை விட்டு நீங்கவில்லை.

இதே ஃபிராய்டுதான் இளமையில் கொக்கேயினையும் பழகிப் பார்த்தவர் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1884-இல் அப்பொருளைப் புகழ்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டைவிரல் துண்டிக்கப்பட்டதால் ஓயாத நரம்பு வலிக்கு ஆளாகி, மார்ஃபினுக்கு அடிமைப்பட்டிருந்த எர்ன்ஸ்ட் ஃபிளைஷல் என்னும் அருமை நண்பரை அதிலிருந்து மீட்கும் மருந்து இதுவே என்று நம்பிக் கொடுத்தும் பார்த்தார். மார்ஃபினோடு கொக்கேயினும் சேர்ந்துகொள்ள, அந்நண்பர் 1891-இல் நாற்பத்தைந்தாம் வயதில் மாண்டார். ஃபிராய்டு தாமும் பல ஆண்டுகள் கொக்கேயினைப் பயன்படுத்திவந்து, பின்னர் விட்டுவிட்டார். மூளை ஒன்றே, மனிதர் ஒருவரே, ஆபத்தைப் பற்றிய அறிவிலும் குறைவில்லை. எனினும் ஒன்று விடப்பட்டது, மற்றொன்று விடப்படவில்லை. விடுவதும் விடாமையும் அறிவின் அளவையே பொறுத்திருந்தால் இவ்வேறுபாடு தோன்றியிராது.

அதே 1884-இல் கண் அறுவைக்குக் கொக்கேயின் உதவும் என்று வியன்னாவின் கார்ல் கோலர் கண்டறிந்த செய்தி அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க்கை எட்டியது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற இளம் அறுவை மருத்துவர், நரம்பில் அம்மருந்தைச் செலுத்தி ஓர் அவயவத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையைத் தம் உடம்பிலும் சகாக்களின் உடம்பிலும் பரிசோதித்தார். முறை வெற்றி பெற்றது. பரிசோதித்தவர்களில் பலர் அப்பொருளுக்கு அடிமையாயினர். ஹால்ஸ்டெட் மனநோய் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றார். அங்கே கொக்கேயினின் இடத்தில் மார்ஃபின் வந்து அமர்ந்தது. பின்னர் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகி, ரப்பர்க் கையுறையை அறுவைக் கூடத்துக்குள் கொண்டுவந்து, ஒரு தலைமுறை அமெரிக்க மருத்துவர்களை உருவாக்கினார். அவர் மார்ஃபினை விடவே இல்லை என்று உடன் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் இரகசியமாக எழுதிவைத்த குறிப்பு 1969-இல்தான் வெளியுலகுக்கு வந்தது.

ஹால்ஸ்டெட்டை அந்த ஊசியிடம் இட்டுச்சென்றது மூடத்தனம் அன்று; எதையும் தானே செய்து பார்க்கவேண்டும் என்னும் ஆய்வுத் துணிவே. எந்தக் குணம் அவரைப் பெரிய மருத்துவராக்கியதோ அதே குணம்தான் அபாயத்தின் வாயிலையும் திறந்துவிட்டது. உள்ளே புகுந்தபின் நிகழ்வது வேறு கதை. அதை அறிய மூளையின் ஆழத்துக்குச் செல்லவேண்டும்.

கனடாவின் மாண்ட்ரியால் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் எலிகளின் மூளைக்குள் நுண்ணிய மின்கம்பிகளைப் பதித்து ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஒரு கம்பி கருதிய இடத்தை விட்டு விலகி வேறிடத்தில் போய்ப் பதிந்துவிட்டது. மேசையின் எந்த மூலையில் மின்தூண்டல் கொடுக்கப்பட்டதோ அந்த மூலைக்கே அந்த எலி திரும்பத் திரும்ப ஓடிற்று. நெம்புகோலை மிதித்தால் தூண்டல் கிடைக்கும்படி அமைத்தபோது, எலி தானே அதை ஓயாமல் மிதித்தது. 1954-இல் வெளியான இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடந்த சோதனைகளில், சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை மிதித்தன. பசித்தும் உணவைத் திரும்பிப் பாராதவையும் இருந்தன. மூளையின் இன்ப நிலையம் அகப்பட்டுவிட்டது என்று உலகம் முழக்கமிட்டது.

அந்த முழக்கம் முற்றிலும் சரியன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. 1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோப்பமின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கூர்ந்து கவனித்தார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் பழச்சாறு சொட்டியபோது அவை துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரிவதை வழக்கமாக்கியபின், விளக்கைக் கண்டவுடன் துடித்தனவேயன்றிச் சாறு வந்தபோது சலனமற்றிருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமற்போனால், வரவேண்டிய அதே கணத்தில் அவற்றின் துடிப்பு தாழ்ந்தது. அவரும் துணைவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் விசித்திரமானது: சாறு வருவதும் வராததும் சரிபாதி என்ற நிலையில்தான் காத்திருக்கும் நேரத்தின் துடிப்பு உச்சத்தை அடைந்தது. பகடை உருண்டு நிற்பதற்கு முந்திய அந்த நொடி கார்டானோவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் இதற்கு மேலும் ஒரு படி சென்றார். டோப்பமின் ஏறக்குறைய முழுதும் அழிக்கப்பட்ட எலிகள் உணவை நாடிச் செல்லவில்லை. ஆயினும் நாவில் சர்க்கரை நீரைத் தடவினால், சுவைத்து மகிழும் முகக்குறிகளை முன்போலவே காட்டின. ஆகவே இச்சை வேறு, இன்பம் வேறு. இரண்டுக்கும் மூளையில் தனித்தனி வழிகள் உண்டு. பழக்கம் முற்ற முற்ற இச்சை வளர, இன்பம் தேய்வதும் உண்டு. இந்தப் பிரிவினையை அறியாத நாம், இவ்வளவு துன்பப்படுத்தும் பழக்கத்தில் அப்படி என்ன சுகம் இருக்கிறது என்று குடிகாரனையும் சூதாடியையும் கேட்கிறோம். பெரும்பாலும் சுகம் எப்போதோ போய்விட்டது; இச்சை மட்டும் எஞ்சி நிற்கிறது. ஃபிராய்டின் நாற்காலியும் பேனாவும், நோயாளி எழுந்து செல்லும் வேளையும், இரவில் எழுத உட்காரும் வேளையும் எல்லாம் அவருடைய நரம்பணுக்களுக்கு விளக்குகளாயின. கொக்கேயின் அவர் வாழ்க்கையில் அவ்வளவு இடங்களில் வேர்கொள்ளவில்லை. ஒன்றை விட முடிந்து மற்றொன்றை விட முடியாமற்போனதன் காரணம் இதுவாக இருத்தல் கூடும்.

இதுவரை சொன்னவை எலிக்கும் குரங்குக்கும் அறிஞனுக்கும் பொது. அறிவு மிகுந்தவர்க்கே உரிய அபாயம் ஏதேனும் உண்டா என்றால், முதலில் சொல்லத்தக்கது சலிப்பு. ஓல்ட்ஸும் மில்னரும் பணியாற்றிய அதே மக்கில் பல்கலைக்கழகத்தில், டொனால்ட் ஹெப் என்ற உளவியல் பேராசிரியரின் குழுவினர், 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் ஊதியம் கொடுத்து ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். பார்வை மங்கலாகும்படி கண்ணை மறைத்து, கைகளுக்கு உறையிட்டு, ஓயாத இரைச்சலுக்கு நடுவே படுக்கவைத்தபோது, சும்மா இருப்பதற்குக் கிடைக்கும் அந்தப் பணத்தை வேண்டாமென்று சில நாட்களில் எழுந்து போனவர்கள் பலர். ஆறு வயதுக் குழந்தைகளுக்காகப் பதிவு செய்யப்பட்ட மதுவிலக்குப் பிரசங்கத்தைக் கூட மீண்டும் மீண்டும் போடும்படி வேண்டினார்கள் அந்த வாலிபர்கள். 2014-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் மாணவர்களை ஓர் அறையில் பதினைந்து நிமிஷம் தனியே விட்டு, சிந்திப்பதைத் தவிர வேறு வேலை கொடாமல், விரும்பினால் தமக்குத்தாமே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தானை மட்டும் வைத்தனர். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசு கொடுப்போம் என்று முன்னர்ச் சொன்னவர்களிலேயே, 18 ஆடவரில் 12 பேரும், 24 மகளிரில் 6 பேரும் பொத்தானை அழுத்தினர்.

மனம் வெறுமையைப் பொறுப்பதில்லை. வேலை வேண்டும் மனம் எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவு விரைவில் பழகியதில் சலித்துப் புதியதைத் தேடும். கிளர்ச்சியை நாடும் இயல்பை அளக்க 1964-இல் ஓர் அளவுகோலை அமைத்த மார்வின் ஸக்கர்மன், ஆபத்தான விளையாட்டுகளில் விருப்பம், புதிய அநுபவங்களில் நாட்டம், கட்டுப்பாட்டைத் தளர்த்தல், சலிப்புக்கு எளிதில் ஆளாதல் என்று அதை நான்கு கூறுகளாகப் பின்னர்ப் பகுத்தார். பிரிட்டனில் 1970-இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அதில் ஐந்தாம் வயதிலும் பத்தாம் வயதிலும் அறிவுத் தேர்வில் மிகுந்த எண்கள் பெற்றவர்கள், முப்பதாம் வயதில் கஞ்சா முதலிய சட்டவிரோதப் போதைப் பொருள்களைப் பயன்படுத்தியிருப்பது மற்றவர்களை விட அதிகம் என்று ஜேம்ஸ் ஒயிட், டேவிட் பாட்டி ஆகியோரின் ஆய்வு காட்டியது. பயன்படுத்திப் பார்த்தலும் அடிமையாதலும் ஒன்றல்ல. ஆயினும் ஹால்ஸ்டெட்டை ஊசியிடம் அழைத்துச் சென்ற அந்த ஆவல் தனிப்பட்ட ஒருவரின் விபத்து மட்டும் அன்று என்பதற்கு இது சான்றாகும்.

இரண்டாவது அபாயம் இன்னும் நுட்பமானது. புத்தி நம்முள் வீற்றிருக்கும் நீதிபதி என்று எண்ணுகிறோம். பல வேளைகளில் அது கட்சிக்காரர் எவராயினும் வாதாடும் வக்கீலாகவே தொழில் செய்கிறது. இச்சை முன்பணம் கட்டிவிட்டால், வக்கீலின் திறமை மிகமிக, வழக்கும் வலுப்பெறும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் பெர்க்கின்ஸ் 1980-களில் நடத்திய ஆராய்ச்சியில், ஒரு விவாதப் பொருளைக் கொடுத்து இரு பக்கத்துக் காரணங்களையும் எழுதச் சொன்னபோது, அறிவெண் மிகுந்தவர்கள் தம் பக்கத்துக்கு மிகுதியான காரணங்களைக் கூறினார்கள். எதிர்ப்பக்கத்துக்குக் கூறியதில் அந்த மேம்பாடு தென்படவில்லை.

இதற்குச் சரித்திரம் தரும் மாபெரும் சாட்சி ரொனால்ட் ஃபிஷர். இன்றைய புள்ளியியலின் பெரும்பகுதி அவருடைய கைவேலை. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-இல் வெளியிட்டபின், சான்றுகள் ஆண்டுதோறும் குவிந்துவந்தன. குழாயில் புகை பிடிக்கும் வழக்கமுடைய ஃபிஷர் 1957-இலும் 1958-இலும் அதை எதிர்த்து எழுதினார். புகைக்கும் ஆசையையும் நோயையும் ஒருங்கே விளைவிக்கும் மரபணு ஒன்று இருக்கலாகாதா, நோயின் ஆரம்ப எரிச்சலைத் தணிக்கவே மனிதன் புகையை நாடியிருக்கலாகாதா என்று அவர் எழுப்பிய கேள்விகள் தர்க்கத்தில் குற்றமற்றவை. சாமானியன் ஒருவனுக்குத் தோன்றவும் மாட்டா. புகையிலைத் தொழிலதிபர்களின் குழுவுக்கு அவர் ஆலோசகராயிருந்தார் என்பதைக் கொண்டு கூலிக்கு எழுதினார் என்று தீர்ப்பளிப்பது நியாயமாகாது. அவர் உண்மையாகவே நம்பினார், அதிலேதான் பாடம் இருக்கிறது. அதே எண்களை நோக்கிய ரிச்சர்ட் டால், ஆராய்ச்சி முடியுமுன்னரே தம் புகைப்பழக்கத்தை விட்டுவிட்டார்.

அப்படியானால் புத்தியால் ஒரு பயனும் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். உண்டு. 1932 ஜூன் முதல் நாள் ஸ்காட்லாந்தில் பதினோரு வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய அனைவருக்கும் ஒரே அறிவுத் தேர்வு வைக்கப்பட்டது; பல பத்தாண்டுகளுக்குப் பின் அவர்களிற் சிலருடைய உடல்நலப் பதிவுகளோடு அதை ஒப்பிட்டார்கள். புகைக்கத் தொடங்கியதில் அறிவின் ஏற்றத்தாழ்வு ஒரு வித்தியாசமும் செய்யவில்லை. அவர்கள் தொடங்கிய காலத்தில் அதன் தீமையை உலகம் அறியாது. ஆனால் இடைக்காலத்தில் அத்தீமை வெளிப்பட்டபின், விட்டவர்களில் அறிவெண் மிகுந்தவர்களே அதிகம். புத்தி மெதுவாக வேலை செய்கிறது. செய்தி, காலம், சூழ்நிலை ஆகிய மூன்றும் துணைக்கு வரும்போது அது வெல்லவும் செய்கிறது.

சூழ்நிலையின் வலிமைக்கு வியட்நாம் போரிலிருந்து ஒரு சான்று காட்டலாம். அங்கிருந்த அமெரிக்கப் போர்வீரரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் முதலியவற்றுக்கு அடிமைப்பட்டிருந்ததாக 1970-களில் லீ ராபின்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டார். தாயகம் திரும்பிய முதலாண்டில், அவ்வாறு அடிமைப்பட்டவர்களுள் மீண்டும் அந்நிலைக்கு ஆளானோர் இருபதில் ஒருவர் அளவே. போர்க்களமும் தோழர்களும் மலிவாகக் கிடைத்த மருந்தும், இச்சையைத் தூண்டிய விளக்குகள் அனைத்தும், கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. ஃபிராய்டோ தம் விளக்குகளுக்கு நடுவிலேயே இறுதிவரை வாழ்ந்தார். நாடு பெயர்ந்து லண்டனுக்கு வந்தபோதும் எழுதும் மேசையும் உடன் வந்தது.

ஆகவே புத்திமானுக்குப் புத்தி உதவும் வேளை ஒன்று உண்டு. உதவாத வேளையும் ஒன்று உண்டு. ஜார்ஜ் ஐன்ஸ்லி என்ற அமெரிக்க மனநோய் மருத்துவர் 1974-இல் வெளியிட்ட சோதனை இதை அழகாக நிறுவுகிறது. புறாவின் முன் ஒரு சிவப்புப் பொத்தான் ஒளிரும். அதைக் கொத்தினால் உடனே சிறிது தீனி. கொத்தாமல் சில விநாடி பொறுத்தால் இரட்டிப்புத் தீனி. புறாக்கள் பொறுக்கவில்லை, கொத்திவிட்டன. பின்னர், சிவப்பு ஒளிர்வதற்குச் சற்று முன்பாகவே ஒரு பச்சைப் பொத்தான் காட்டப்பட்டது. அதைக் கொத்தினால் சிவப்பு அம்முறை தோன்றவே தோன்றாது. சில புறாக்கள் பச்சையைக் கொத்தக் கற்றுக்கொண்டன. சிவப்பின் முன் நிற்கும்போது தம்மால் பொறுக்க முடியாது என்பதால், சிவப்பே வராமல் முன்கூட்டித் தடுத்துக்கொண்டன.

இதிலிருந்து பெறத்தக்க முடிவு ஒன்றே. ஆசைப் பொருளை எதிரே வைத்துக்கொண்டு புத்தியைத் துணைக்கு அழைப்பவன், எதிர்க்கட்சியிடம் முன்பணம் வாங்கிவிட்ட வக்கீலையே அழைக்கிறான். அங்கே கூர்மை மிகுதியாயிருப்பது தீமைக்கே ஏதுவாகும். பொருள் தொலைவில் இருக்கும்போது, இன்ன இடத்துக்குப் போவதில்லை, இன்னாரோடு அமர்வதில்லை, இன்னது வீட்டில் இருப்பதில்லை, இந்தக் காசு என் கையில் இராது என்று ஏற்பாடு செய்துகொள்பவனிடம் அதே கூர்மை முழுப்பயனும் தருகிறது. தன்னுடைய மன உறுதியின்மேல் மிகுந்த நம்பிக்கை வைத்திருக்கும் அறிஞன் இத்தகைய ஏற்பாட்டைத் தன் கௌரவத்துக்குக் குறைவாகக் கருதுகிறான். கோழைகளுக்கு உரியது என்று ஒதுக்குகிறான். நிகழ்தகவை அளந்த கார்டானோவுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பகடையும் தோழர்களும் பணமும் தம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்வரை, அந்தக் கணக்கு ஆட்டத்தை நன்றாக ஆடவே பயன்படும், அதை நிறுத்தப் பயன்படாது என்பதை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. நம்மில் புத்திசாலிகள் என்று பெயரெடுத்தவர்கள் இன்றும் சேர்த்துக்கொள்ளத் தவறுவது அதுவே.